பிரசவ வார்டு செவிலியர் படித்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'

மார்கரெட் அட்வுட்டின் இந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிவப்பு அங்கியையும் முகத்தை மறைக்கும் வெள்ளைத் தொப்பியையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அட்டையிலேயே அது இருப்பதால் கண் அங்கே போய்விடுகிறது. நான் சொல்ல வந்தது கதையின் நடுவில் வரும் ஒரு நாற்காலியைப் பற்றி.

அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவள் மகள். "இதில் ஒரு பிரசவம் வருகிறது. சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லம்மா" என்பதுதான் அவள் எனக்கு இட்ட வேலை. பார்த்துவிட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சில இடங்களில் எங்கள் பாடப் புத்தகங்களைவிடச் சரியாக.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் ஒரு மதவாதக் கும்பல் ஆட்சியைப் பிடித்து, 'கிலியட்' என்று நாட்டுக்குப் புதுப்பெயர் வைக்கிறது. சுற்றுச்சூழல் கெட்டு, நோய் பரவி, பிறப்பு குறைந்துபோன காலம். பிள்ளை பெறும் திறனுள்ள பெண்களைப் பிடித்து, 'ராகேல்-லேயாள் மையம்' என்ற பெயரில் ஒரு பழைய பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைத்துப் பழக்கி, அதிகாரிகளின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தில் பிள்ளையில்லாத ராகேல் தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபிடம் அனுப்புகிறாளே, அதுதான் இவர்களுக்குச் சட்டம். கதை சொல்லும் பெண்ணுக்கு 33 வயது. ஒரு கணவனும் ஒரு மகளும் இருந்தார்கள். நூலகத்தில் வேலை பார்த்தவள். இப்போது பிரெட் என்ற அதிகாரியின் வீட்டில் இருப்பதால் அவள் பெயர் 'ஆஃப்பிரெட்'. வீடு மாறினால் பெயரும் மாறும். அவள் இடத்துக்கு வருகிறவள் இந்தப் பெயரை எடுத்துக்கொள்வாள். இது அவளுக்கு மூன்றாவது வீடு. இங்கும் பிள்ளை பிறக்கவில்லையென்றால் நச்சுக் கழிவு அள்ளும் குடியேற்றங்களுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே சாக வேண்டியதுதான்.

ஆண் கொடுமைக்காரன், பெண் பலியாள் என்று ஒரே கோடாக அட்வுட் எழுதியிருந்தால் இந்தப் புத்தகத்தை நான் பாதியில் வைத்திருப்பேன். அவர் செய்திருப்பது வேறு. ஒரு சாதாரண வீட்டில் ஒரே பெண் செய்யும் வேலைகளை எடுத்துப் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு எஜமானியாக நீல உடையில் ஒருத்தி. சமைக்கவும் துடைக்கவும் மங்கிய பச்சையில் 'மார்த்தாள்'கள். பெற்றுத்தர சிவப்பில் ஒருத்தி. புத்தி சொல்லவும் அடிக்கவும் பழுப்பு உடையில் 'ஆன்ட்'கள். நீலத்துக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. பச்சைக்குச் சிவப்பின் மேல் இளக்காரம். சிவப்புக்கோ எல்லார் மேலும் பயம். பிறகு ஏழை ஆண்களின் மனைவிகள் வருகிறார்கள்: நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் சேர்ந்த கோடு போட்ட மலிவு உடையில். அவர்களுக்கு வேலைப் பிரிவினை கிடையாது, எல்லாவற்றையும் அவர்களே செய்தாக வேண்டும். தெருவில் சிவப்பு உடைக்காரிகளைப் பார்த்தால் அவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்தச் சின்னச் சின்ன வெறுப்புகளை அட்வுட் அளந்து வைத்திருக்கும் விதம்தான் புத்தகத்தின் பலம். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆண்கள் வெளியே நிற்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் ஒருத்தியை ஒருத்தியே கண்காணித்துக்கொள்வதால் அங்கே அவர்களுக்கு அதிக வேலையில்லை. புத்தகத்தின் கடைசிப் பகுதியில் வரும் பேராசிரியர் ஒருவரும் இதைத்தான் சொல்கிறார்: பெண்களை அடக்குவதற்குப் பெண்களையே வைப்பதுதான் செலவு குறைந்த, பலன் அதிகமான வழி.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

வாரன் என்ற அதிகாரியின் வீட்டில் ஜானீன் என்ற பெண்ணுக்கு வலி எடுக்கிறது. சிவப்பு வண்டி ஒன்று தெருத்தெருவாகப் போய் மற்ற சிவப்பு உடைக்காரிகளையெல்லாம் ஏற்றி வருகிறது. மாடியில் ஜானீன் வலியில் கிடக்கிறாள். கீழே கூடத்தில் வாரனின் மனைவி வெள்ளைப் பருத்தி இரவு உடையில் படுத்திருக்கிறாள். மற்ற அதிகாரிகளின் மனைவிகள் சுற்றி உட்கார்ந்து அவளுடைய வற்றிய வயிற்றை நீவிவிடுகிறார்கள், அவளுக்கே வலி வந்துவிட்டதுபோல. அவர்களுக்கு விருந்து தனி. மாடியில் இருப்பவர்கள் மூச்சை இழு, பிடி, தள்ளு என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மயக்க மருந்துக்கு அனுமதி இல்லை. வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறதாம். மருத்துவர்கள் வெளியே வண்டியில் காத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் உள்ளே வரலாம். கர்ப்பத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்று இயந்திரம் வைத்துப் பார்ப்பதும் அங்கே சட்டவிரோதம், ஏனென்றால் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. (நம் நாட்டில் ஸ்கேனில் பாலினம் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வயிற்றில் இருக்கும் பெண் குழந்தையைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. அங்கே போட்டிருக்கும் தடை யாரையும் காப்பாற்ற வந்ததில்லை.)

அந்த அறையின் வாசனை, புழுக்கம், கூட இருப்பவர்களுக்கும் வயிற்றை இழுத்துப் பிடிப்பது, ஒருத்தி வலியில் முனகும்போது மற்றவர்களின் மூச்சும் அதே தாளத்துக்கு மாறிவிடுவது எல்லாம் நிஜம். இரவுப் பணியில் நான்கு மேசைகளில் நான்கு பேர் வலியில் இருக்கும்போது நடுவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் பிரசவத்துக்கு வந்த பெண் பக்கத்து மேசைக்காரியின் கத்தலைக் கேட்டே பாதி கற்றுக்கொள்வாள்.

தலை தெரியும் நேரத்தில் அந்த நாற்காலியில் ஜானீனை ஏற்றுகிறார்கள். அதற்கு இரண்டு இருக்கைகள். ஒன்று கீழே முன்னால், மற்றொன்று பின்னால் சற்று உயரமாக. கீழே ஜானீன் உட்கார, கீழ்க்கூடத்திலிருந்து அவசரமாக மேலே வந்த மனைவி பின்னால் ஏறி அமர்ந்து, அவளை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறாள். கிலியட்டின் மொத்தச் சட்டப் புத்தகமும் அந்த மரச்சட்டத்தில் இருக்கிறது. வலி கீழ் இருக்கையில். பிள்ளை மேல் இருக்கைக்கு.

பெண் குழந்தை. கண்காணிக்கும் ஆன்ட் தூக்கிப் பார்க்கிறாள், உறுப்புகளெல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிகிறது. குழந்தையைத் துடைத்து மனைவியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவள் படுக்கையில் போய்ச் சாய்ந்துகொள்ள, மற்ற மனைவிகள் முண்டியடித்துப் பார்க்க வருகிறார்கள். பெயர் வைப்பதும் அவள்தான்: ஏஞ்சலா.

எங்கள் வார்டில் நடைமுறை என்னவென்றால், குழந்தை வெளியே வந்ததும் தாயின் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, "என்ன குழந்தை? நீயே பார்த்துச் சொல்" என்று கேட்போம். அவள் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டுவோம். வெளியே மாமியார் எத்தனை முறை கதவைத் தட்டினாலும் முதலில் சொல்ல வேண்டியவள் மேசையில் இருப்பவள்தான். அரைமயக்கத்தில் இருக்கும் பெண்கூட அந்த ஒரு கேள்விக்குக் கண்ணைத் திறந்துவிடுவாள். அதனால்தானோ என்னவோ, ஜானீனிடம் யாரும் எதையும் கேட்காத அந்த இரண்டு பக்கங்களைப் படிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெரும்பாலான எழுத்தாளர்கள் குழந்தை அழுததும் பிரசவத்தை முடித்துவிடுவார்கள். சினிமாவிலும் அப்படித்தான். அட்வுட் நிறுத்தவில்லை. ஜானீனுக்கு இன்னும் நஞ்சுக்கொடி விழவில்லை, அதற்கான வலி இருக்கிறது, அழுதுகொண்டிருக்கிறாள். அப்போது கூட வந்த சிவப்பு உடைக்காரிகள் அவளுக்கும் படுக்கைக்கும் நடுவில் போய் மறைப்பாக நின்றுகொள்கிறார்கள், அங்கே நடக்கும் கொண்டாட்டம் அவள் கண்ணில் படாமல் இருப்பதற்காக. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. சில மாதங்கள் பால் கொடுக்க அவளை அந்த வீட்டில் வைத்திருப்பார்கள், பிறகு அடுத்த வீடு. ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டதால் இனி அவளைக் குடியேற்றங்களுக்கு அனுப்ப மாட்டார்கள். கூலி அவ்வளவுதான். அந்தக் குழந்தையும் நிலைக்கவில்லை என்பது பின்னால் போகிற போக்கில் ஒரு பேச்சில் தெரியவருகிறது.

இதற்கு அடுத்து என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு சட்டம். கிலியட்டில் ஆண் மலட்டுத்தன்மை என்று ஒன்று கிடையாது. பெண் மலடாக இருக்கலாம், ஆண் இருக்க முடியாது; வாயால் சொல்வதே குற்றம். ஆனால் உண்மை எல்லோருக்கும் தெரியும். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனால் மருத்துவர் குரலைத் தாழ்த்தி, இந்த அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு முடியாது, வேண்டுமானால் நான் உதவட்டுமா என்று ஆஃப்பிரெட்டிடம் கேட்கிறார். அதிகாரியின் மனைவி செரீனா ஜாய்க்கும் தெரியும். காரோட்டி நிக்கை ஏற்பாடு செய்வது அவள்தான். கைக்கூலியாக ஆஃப்பிரெட்டுக்கு ஒரு சிகரெட் கொடுக்கிறாள். ஆஃப்பிரெட்டிடமிருந்து பறிபோன மகளின் புகைப்படத்தைக் காட்டுவதாகவும் சொல்கிறாள். புறநோயாளிப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் கற்பனையாகவே தோன்றாது. கல்யாணமாகி ஐந்து வருடம், ஏழு வருடம் என்று பெண்ணை மாமியார் அழைத்து வருவார். எல்லாப் பரிசோதனையும் அவளுக்கு. மருத்துவர் கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் போதும், அந்தச் சீட்டோடு போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். எங்களுக்கு அதற்கென்று சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

செரீனா ஜாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் முன்பு தொலைக்காட்சியில் பக்திப் பாடல் பாடியவள். பிறகு பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள். பேசியது பலித்துவிட்டது, இப்போது அவளும் வீட்டோடுதான். மூட்டுவலியோடு கோலூன்றித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, போர்முனைச் சிப்பாய்களுக்குக் கழுத்துத் துண்டு பின்னுகிறாள். மாதத்தில் ஒரு இரவு கணவன் இன்னொருத்தியோடு இருக்க, இவள் அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் கிடக்க வேண்டும். இவளது மோதிரங்கள் ஆஃப்பிரெட்டின் விரலில் அழுந்துகின்றன. தங்கள் இருவரில் யாருக்கு அது அதிகக் கொடுமை என்று ஆஃப்பிரெட்டே ஓரிடத்தில் யோசிக்கிறாள். 2017-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் செரீனாவை இளமையாக, அழகாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிந்தது. வயது போய், பிள்ளை பெறும் காலம் தாண்டிய எஜமானிக்கும், காலம் தாண்டிக்கொண்டிருக்கும் வேலைக்காரிக்கும் நடுவில் இருக்கும் இறுக்கம் இரண்டு இளம் பெண்களுக்கு நடுவில் வராது.

பெரிய விஷயங்களைவிட வெண்ணெய்தான் மனதில் நிற்கிறது. சிவப்பு உடைக்காரிகளுக்கு முகத்துக்கும் கைக்கும் பூச எதுவும் தரக்கூடாது என்பது மனைவிகளின் ஏற்பாடு. ஆஃப்பிரெட் இரவுச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் இருக்கும் வெண்ணெய்த் துண்டைக் காகிதத் துணுக்கில் சுற்றி, அலமாரியில் இருக்கும் மாற்றுச் செருப்பின் முனையில் ஒளித்து வைக்கிறாள். பிறகு எடுத்து முகத்தில் தேய்த்துக்கொள்கிறாள். தோல் வறண்டுவிடாமல் இருந்தால், ஒரு நாள் வெளியே போவோம் என்ற நம்பிக்கை இருப்பதாக அர்த்தம். கடைக்குப் போகும்போது கையில் பணம் இல்லை, முட்டை, பாலாடைக்கட்டி படம் போட்ட சீட்டுகள்தான். கடைப் பலகைகளிலும் எழுத்து கிடையாது, படம் மட்டும்; பெண்கள் படிக்கக்கூடாது. இத்தனைக்கும் இந்த ஆட்சி வந்த விதம் எவ்வளவு சாதாரணமானது என்று பாருங்கள். ஒரு நாள் அவளது வங்கி அட்டை வேலை செய்யவில்லை. அன்றே வேலையும் போகிறது. பணம் கணவன் பெயருக்கு மாறிவிடுகிறது. கணவன் லூக் நல்லவன். நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அந்த ஆறுதல் வார்த்தை அவளுக்கு முதல்முறையாக உறுத்துகிறது. சொந்தச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு, கடன் கட்டி, பிள்ளையைப் படிக்க வைத்த எந்தப் பெண்ணும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்ப மாட்டாள்.

அட்வுட் இந்த நாவலை 1984-இல் மேற்கு பெர்லினில், நகரத்தைச் சுவர் சுற்றியிருந்த காலத்தில், வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில் எழுதத் தொடங்கினார், 1985-இல் வெளிவந்தது. வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே நடக்காத எதையும் சேர்ப்பதில்லை என்று தனக்கொரு விதி வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ருமேனியாவில் பெண்களைப் பிள்ளை பெறக் கட்டாயப்படுத்துவது நடந்துகொண்டே இருந்தது. அந்நாட்டுச் சர்வாதிகாரி சவுசெஸ்கு 1966-இல் கொண்டுவந்த 770-ஆம் எண் ஆணை கருக்கலைப்பைத் தடைசெய்தது. தொழிற்சாலைகளுக்கே போய்ப் பெண்களைப் பரிசோதித்தார்கள். பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரி. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்ததும் முதல் வேலையாக அந்த ஆணையைத் தூக்கி எறிந்தார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி, சிறையில் பிரசவித்த பெண்களின் குழந்தைகளைத் தங்களுக்கு வேண்டிய குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்தப் பேரக்குழந்தைகளைத் தேடிப் பாட்டிகள் 1977-இல் ஒன்று சேர்ந்தார்கள், இன்னமும் தேடுகிறார்கள்.

நம் நாட்டில் இது தலைகீழாக நடந்தது: பெறாதே என்ற திசையில். மாதம் இத்தனை கருத்தடை அறுவை என்று இலக்கு வைத்து எங்களை விரட்டிய காலம் ஒன்று இருந்தது. 1996 ஏப்ரலில்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். மேசையில் படுக்க வேண்டியவள் அப்போதும் மனைவிதான். எண்ணிக்கைக்காக ஒரு வயிற்றைப் பார்க்கும் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராகேல்-லேயாள் மையத்தில் பெண்களைப் பழக்கும் ஆன்ட் லிடியாவின் பேச்சில் அந்தத் தொனி அப்படியே இருக்கிறது. உங்கள் நன்மைக்குத்தான் என்று எல்லா வாக்கியத்தையும் முடிப்பாள்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை ஒன்று. பெயரைப் பறிப்பது, எழுத்தறிவைத் தடுப்பது, பெற்ற பிள்ளையைப் பிரித்து எஜமானனுக்குக் கொடுப்பது, ரகசிய வழியில் கனடாவுக்குத் தப்பியோடுவது: இவை அத்தனையும் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் அடிமைகளாக அனுபவித்தவை. நாவல் அவற்றையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கறுப்பின மக்களை மட்டும் தொலைக்காட்சிச் செய்தியில் சில வரிகளில் 'காமின் பிள்ளைகள்' (பைபிளில் நோவாவின் மகன் காம்) என்று சொல்லி வடக்கு டகோட்டாவுக்கு அனுப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் கதையில் இல்லை. படிநிலையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர் மிகப் பழைய படிநிலையை இப்படிக் கடந்துபோனது சரியில்லை. தொடரில் ஆஃப்பிரெட்டின் தோழி மொய்ராவையும் கணவன் லூக்கையும் கறுப்பின நடிகர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாட்டில் நிறம் ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல் காட்டியது இன்னொரு வகைத் தப்பித்தல்.

நிக் மீது அவளுக்கு வரும் ஈர்ப்பும் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. நடுப்பகுதியில், அதிகாரி அவளை ரகசியமாக அழைத்து எழுத்துக்கட்டை (ஸ்கிராபிள்) விளையாடும் காட்சிகள் கொஞ்சம் இழுக்கின்றன. ஆனாலும் சட்டவிரோதமான அந்த எழுத்துக்கட்டைகளைத் தொடும்போது அவள் அடையும் பரவசத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் வரும் 'வரலாற்றுக் குறிப்புகள்' பகுதியைக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தவறவிடாதீர்கள். 2195-ஆம் ஆண்டு, கிலியட் அழிந்துபோய்விட்டது, ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் பேசுகிறார். நாம் இதுவரை படித்தது மெயின் மாநிலத்தில் கிடைத்த சுமார் 30 ஒலிநாடாக்களிலிருந்து எழுதப்பட்டது என்று தெரிகிறது. அவர் நகைச்சுவையாகப் பேசுகிறார், சபை சிரிக்கிறது. அந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். அவள் பெயர் என்ன, என்ன ஆனாள் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வர வேண்டும் என்றுதான் அட்வுட் எழுதியிருக்கிறார்.

வாங்குகிறவர்களுக்கு: ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் சின்னவை. ஆனால் காலம் முன்னும் பின்னும் தாவும். பழைய நினைவுகளில் வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் மேற்கோள் குறி இருக்காது. முதல் ஐம்பது பக்கங்களை அவசரப்படாமல் படித்தால் பழகிவிடும். 2017-இல் ஆசிரியர் எழுதிய முன்னுரை சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மலிவுப் பதிப்பின் எழுத்து பொடியாக இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு கிளேர் டேன்ஸ் வாசித்த ஒலிநூல் நல்ல மாற்று. ஒலிநாடாவில் சொல்லப்பட்ட கதைதானே, காதுக்குப் பொருந்துகிறது. ரெனே நால்ட் வரைந்து 2019-இல் வந்த சித்திரநூலில் சிவப்பு நிறம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அவள் தனக்குள் பேசிக்கொள்வது குறைந்துவிடுவதால் அதை முதலில் படிக்க வேண்டாம். அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகம் 'தி டெஸ்டமென்ட்ஸ்' புக்கர் பரிசை இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. விறுவிறுப்பு அதிகம், ஆன்ட் லிடியாவே பேசுவதால் அவள் மேல் இருந்த பயம் பாதி போய்விடுகிறது.

ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண்ணை அந்த வடக்கு டகோட்டா வரிகளுக்காகப் பிடித்துக்கொண்டேன். மாதம் நிறைந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் இதைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம். பயிற்சிச் செவிலியர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பிரசவ அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.